உலகநாதன் பழகிய கதை

"எல்லாம் சரியாத்தான் இருக்கும்மா. சாயங்காலம் மட்டும் போக மாட்டேங்குது."

இப்படி வந்து உட்கார்ந்தவர் உலகநாதன். எழுபத்தொரு வயது. பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது அவர்தான், அவருடைய முதுகு இன்னும் பெறவில்லை. நிமிர்ந்தே இருந்தது.

எதிரில் இருந்தவள் பவானியம்மா. ஆற்றுக்கு அக்கரையில் சின்னதாக ஒரு மடம், நாலு கொய்யா மரம், ஒரு கிணறு. உலகநாதனைவிட அவள் இருபத்தைந்து வயதாவது சின்னவள். மகள் வயதுக்காரியிடம் வழி கேட்கிறோமே என்று அவருக்கு உள்ளூரக் கூச்சம். கண் டாக்டர் சொல்லி அனுப்பினார் என்பதால் வந்திருந்தார்.

பவானியம்மா புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் சரின்னா?"

"விடியுமுன்ன எந்திரிக்கேன். நடக்கேன். ஆசனம் போடுதேன். சாமைக் கஞ்சி. சீனி கிடையாது, எண்ணெய் கிடையாது. வயசானவங்க எப்படி வாழணும்னு எழுதின புத்தகம் பூராவும் வாங்கிப் படிச்சிட்டேன். அதுல போட்டது ஒண்ணு விடாம செய்யுதேன்."

"பெறகென்ன?"

"விளக்கு வைக்கிற நேரமானா, நெஞ்சு மேல யாரோ ஏறி உக்காந்துக்கிட்ட மாதிரி இருக்கு. நல்லா இருட்டினதும் இறங்கிப் போயிருது. அந்த இடைப்பட்ட நேரம் இருக்கு பாருங்க..."



"வீட்டுல யாரு?"

"நான்தான். வீட்டுக்காரி கோமு போயி ரெண்டு வருஷமாச்சு."

பவானியம்மா ஒரு கொட்டையை எடுத்துத் தனியாகப் போட்டாள்.

"மகன் புனேல இருக்கான். கோயம்புத்தூர்ல முதியோர் இல்லம் ஒண்ணுல எனக்கு ரூம் பார்த்து வச்சிருக்கான். ஆவணி பொறந்ததும் வந்து கூட்டிட்டுப் போறேங்கான். வீட்டை விட்டுப் போக எனக்கு மனசில்ல. ஆனா இந்தச் சாயங்காலத்தோட மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கவும் தெம்பில்ல. நீங்க ஒரு வழி சொன்னீங்கன்னா..."

அவள் வாயைத் திறப்பதற்குள் வாசலில் ஒருத்தி கூடையோடு வந்து நின்றாள். கொய்யாப்பழம் வாங்கிப் போய் விற்கிறவள்.

"வா மாரி. மக முழுகாம இருக்காளாமே?"

"நாலு மாசம்க்கா. ஒரு வாய் தங்க மாட்டேங்கு. எல்லாம் வாந்தி."

"நார்த்தங்கா ஊறுகா கேப்பாளே."

"ஊறுகாய மட்டும்தான் கேக்கா. சோத்தக் கேட்டாத்தான."

அப்புறம் மருமகன் வந்தான், பேச்சில். அவன் வாங்கிய புது பைக் வந்தது. அவன் அம்மாவின் வாய் வந்தது. அந்த அம்மாவைப் போலவே மாரி பேசிக் காட்டினாள். பவானியம்மா புளித்தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

உலகநாதன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஞானமுள்ளவர்கள் வம்பு பேசுவார்கள் என்று எந்தப் புத்தகத்திலும் போட்டிருக்கவில்லை.

மாரி போன பிறகு பவானியம்மா திரும்பினாள்.

"என்ன கேட்டீங்க?"

"ஒரு வழி."

"பழகுங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

உலகநாதனுக்கு நிம்மதியாக இருந்தது. அது அவருடைய சொல். மைதானத்தில் எத்தனை வருஷம் அதை வீசியிருப்பார். தாண்ட முடியவில்லையா, பழகு. கயிற்றில் ஏறக் கை வலிக்கிறதா, பழகு. ஓடினால் மூச்சு வாங்குகிறதா, இன்னும் நாலு சுற்று ஓடிப் பழகு.

மருந்து தெரிந்துவிட்டது. இனிச் சாப்பிட வேண்டியதுதான்.

அன்று சாயங்காலமே ஆரம்பித்தார். கதவைச் சாத்தினார். பாய் விரித்தார். சம்மணம் போட்டு, கண்ணை மூடி, மூச்சை இழுத்து, நிறுத்தி, விட்டார். நெஞ்சின் மேல் உட்கார வருகிறதை மூச்சாலேயே தள்ளிவிடுவது என்று திட்டம்.

அது வந்தது. உட்கார்ந்தது. அவர் மூச்சை இழுத்தபோது கொஞ்சம் எழுந்து, விட்டபோது மறுபடி வசதியாக உட்கார்ந்துகொண்டது.

ஒரு வாரம் கழித்து மடத்துக்குப் போனார். பவானியம்மா அங்கே ஒரு தபால்காரரின் மூட்டுவலியைப் பற்றித் தபால்காரரைவிட அக்கறையாகப் பேசிக்கொண்டிருந்தாள். காத்திருந்து சொன்னார்.

"பழகினேன். போகலம்மா."

"பத்தலை. இன்னும் பழகுங்க."

அவருக்கும் அப்படித்தான் பட்டது. பத்தவில்லை. ஏன் பத்தவில்லை என்று யோசித்தால், தெரு. சாயங்காலம் ஆனால் அந்தத் தெருவுக்கு வாய் முளைத்துவிடும். எதிர்வீட்டு வாசலில் நாற்காலி போட்டுப் பெண்கள் பேச்சு. யாரோ சிரிக்க, யாரோ அதற்கு மேல் சிரிக்க. அங்கே எப்படி மூச்சு நிற்கும்?

ஜன்னல்களைச் சாத்தினார். அப்போது பார்த்து யாராவது மணி அடிப்பார்கள். ஏணி இருக்கா சார், உங்க வீட்டுல கரண்டு இருக்கா சார்.

ஒரு பலகை எடுத்து, அழகான எழுத்தில் எழுதி, கேட்டில் மாட்டினார்.

'மாலை ஆறு முதல் ஏழு வரை பயிற்சி நேரம்.'

மறுநாள் சரியாக ஆறு மணிக்கு மணி அடித்தது. எதிர்வீட்டு அம்மாள்.

"சார், என்ன பயிற்சி? ஹிந்தியா?"

"இல்லம்மா."

"அபாகஸா சார்? எம் பேத்திக்குக் கேக்கேன்."

"அதெல்லாம் இல்ல."

"பீஸ் எவ்வளவுன்னு சொன்னீங்கன்னா, மகன்கிட்டக் கேட்டுட்டு..."

"பீஸெல்லாம் கிடையாதும்மா!"

கதவை அடைத்துவிட்டார். அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லியிருக்கக் கூடாது என்பது மறுநாள்தான் புரிந்தது. மறுநாள் நாலு பேர் நின்றார்கள்.

மூலைவீட்டுக்காரர் தன் தொந்தியை இரண்டு கையாலும் தாங்கிக் காட்டினார். "இது வத்துமா சார், உங்க பயிற்சியில?"

ஒருத்தி தையல் என்று நினைத்துத் துணியோடு வந்திருந்தாள்.

வெள்ளைத்தாடி வைத்த பெரியவர் ஒருவர் மற்றவர்கள் போகும்வரை ஒதுங்கி நின்று, கிட்டே வந்து, ரகசியமாகக் கேட்டார். "சீட்டா சார்? சும்மா சொல்லுங்க. வீட்டுல சொல்ல மாட்டேன்."

"ஐயா, இது எனக்கு நானே குடுத்துக்கிற பயிற்சி."

"உங்களுக்கு நீங்களேவா?"

"ஆமா."

"அதுக்குப் போர்டு எதுக்கு சார்?"

பெரியவர் கேட்டதில் நியாயம் இருந்ததால் உலகநாதனுக்குக் கோபம் கூடுதலாக வந்தது.

ஆடி முடியப் போகிறது. மகன் தினமும் போன் செய்து டிக்கெட் போடட்டுமா என்றான். உலகநாதன் பாலத்தைக் கடந்து மடத்துக்குப் போனார். இந்தத் தடவை நல்ல வேகம்.

"இந்தத் தெருவுல இருந்துக்கிட்டு ஒண்ணும் செய்ய முடியாதும்மா. ஜன்னலை அடைச்சிட்டேன். போர்டு மாட்டியாச்சு. அப்பவும் விடமாட்டேங்காங்க."

நடந்ததையெல்லாம் சொன்னார். பவானியம்மா கீரை ஆய்ந்தபடி கேட்டாள். தொந்தி வரும்வரை தாங்கிக்கொண்டாள். சீட்டு வந்ததும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அழுகை இல்லை, சிரித்த சிரிப்பு.

"அந்தத் தாடிக்காரர் பேரென்ன?"

"தெரியாதும்மா."

"தொந்திக்காரர்?"

"மூலை வீடு."

"பேரு?"

"தெரியல."

"பேத்திக்குக் கேட்ட அம்மா?"

உலகநாதன் கீரையைப் பார்த்தார்.

"புதுசா குடி வந்திருக்கீங்களோ?"

"நானா? வீடு கட்டியே முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு." குரல் கொஞ்சம் தாழ்ந்தது. "தெருச் சங்கதியெல்லாம் கோமு பாத்துக்கிடுவா."

"சரி."

"நான் என்னத்தைச் செய்யலம்மா? நீங்க பழகச் சொன்னீங்க. ஒரு நாள் விடாம பழகினேன்."

"யாரோட?"

மூச்சு என்று சொல்ல வாயைத் திறந்தார்.

அவள் எதை என்று கேட்கவில்லை.

பவானியம்மா கீரைக்குத் திரும்பிவிட்டாள். வாசலில் யாரோ செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. "வா, வா, காலு எப்படி இருக்கு?" என்றாள் அந்தப் பக்கமாக.

அன்று சாயங்காலம் உலகநாதன் பாய் விரிக்கவில்லை. கதவைத் திறந்தார். கேட்டையும் திறந்தார். திறந்தவர் அங்கேயே நின்றார்.

ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் அதட்டி வரிசையில் நிறுத்திய மனிதர். எதிர்வாசலுக்குப் போக எட்டடி எடுத்து வைத்தால் போதும். கால் எழவில்லை. நெஞ்சின் மேல் ஏறுகிறது நேரம் தவறாமல் ஏறிக்கொண்டிருந்தது. அதையும் தூக்கிக்கொண்டே தெருவைக் கடந்தார்.

நாற்காலிகளில் பேச்சு நின்றது.

"பயிற்சி இல்லையா சார்?" தாடிக்காரர் கேட்டார்.

"இல்ல." எதிர்வீட்டு அம்மாள் பக்கம் திரும்பினார். "உங்க பேரு என்னம்மா?"

அவள் பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தாள். "எம் பேரா சார்?"

"ஆமா."

"ராஜகனி."

தாடிக்காரர் தானாகவே, "மீரான்" என்றார். தொந்திக்காரர் எழுந்து நின்று, பள்ளிக்கூடத்தில் ஆஜர் சொல்கிற மாதிரி, "திரவியம் சார்" என்றார்.

உலகநாதன் தன்னைச் சொல்ல வேண்டும் என்று நினைத்தார். என்ன சொல்வதென்று தெரியவில்லை.

"நான் கோமு வீட்டுக்காரன்."

"அது தெரியாதா சார்," என்றார் திரவியம். "விசில்னா இந்தத் தெருவுல யாருக்குத்தான்..."

ராஜகனி அவர் கையைத் தட்டினாள். திரவியம் நாக்கைக் கடித்துக்கொண்டார். மீரான் வானத்தைப் பார்த்தார்.

"என்ன விசில்?"

உலகநாதன் ராஜகனி பக்கம் திரும்பினார்.

"என்ன விசில்ம்மா?"

ராஜகனி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "கோமக்கா உங்களுக்கு வச்ச பேரு சார். தப்பா எடுத்துக்கிடாதீங்க. தெனமும் இந்நேரம் இங்கதான் உக்காந்திருப்பா. நீங்க தெருமுனையில திரும்பினதும், 'ஏட்டி, விசில் வந்துட்டு, அடுப்பப் பாக்கணும்'னு எந்திரிச்சு ஓடுவா."

"நான் வாரப்ப எப்பவும் அடுப்படியிலதான் நிப்பா."

"நிப்பா சார். மூச்சு வாங்கிட்டு நின்னிருப்பா."

அவர்கள் அடக்கித்தான் பார்த்தார்கள். மீரானால் முடியவில்லை. அவர் சிரித்ததும் எல்லாருக்கும் அவிழ்ந்துவிட்டது.

உலகநாதனிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. திரவியம் பயந்துபோய்ப் பக்கத்தில் இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டார். உட்கார்ந்த பிறகும் சத்தம் வந்தது. தோள் குலுங்கியது. ராஜகனி எட்டிப் பார்த்தாள்.

"சார் சிரிக்காரு," என்றாள் மெதுவாக.

கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "வேற என்னெல்லாம் சொல்லுவா?"

"ஒண்ணா ரெண்டா சார்? உங்க விசிலையே ஒரு நாள் கொண்டாந்துட்டா தெரியுமா?"

"என் விசிலையா?"

"நீங்க பிள்ளைகளைக் கூட்டிட்டு மதுரைக்கு விளையாட்டுப் போட்டிக்குப் போயிருந்தீங்க. இன்னொரு விசில் பீரோவுல இருந்துதாம். எடுத்துக் கழுத்துல மாட்டிக்கிட்டு வந்து, தெருப் பொம்பளைங்க எங்களையெல்லாம் வரிசையா நிக்க வச்சுட்டா. சேலையத் தூக்கிச் செருகுங்கட்டின்னா. அந்தா, அந்தப் பைப்படியிலருந்து கோயில் வாசல் வரைக்கும் ஓட்டப் பந்தயம்."

"கோமுவா?"

"கோமக்காதான். விசிலையும் அவளே ஊதினா, ஊதிட்டுக் கூடவே அவளும் ஓடினா."

"அது தப்பாச்சே," என்றார் உலகநாதன். "ஊதுறவங்க ஓடக் கூடாது."

"நாங்களும் அதத்தான் சொன்னோம். கேட்டாத்தானே? மீரான் பாய்தான் முடிவுல நின்னு பாக்கிறவரு. நான் முன்னால, அவ பின்னால. பாதித் தூரத்துல திரும்பிப் பாக்கேன், செருப்பக் கழட்டி வீசிட்டு வாரா சார்..."

சட்டைப்பையில் போன் அடித்தது. புனே.

"அப்பா, நாளைக்கு விட்டா டிக்கெட் கிடைக்காது. போட்டுரட்டுமா?"

"இருப்பா."

"என்னப்பா ஒரே சத்தமா இருக்கு? எங்க இருக்கீங்க?"

"வாசல்லதான். அப்புறம் பேசுதேன்."

"உடம்பு நல்லா இருக்கா? இப்பவே சொல்லிருங்களேன்ப்பா. அப்படி என்ன வேலை?"

உலகநாதன் போனைக் காதிலிருந்து கொஞ்சம் விலக்கிப் பிடித்துக்கொண்டு, தெருவின் பைப்படியைப் பார்த்தார். அங்கிருந்து கோயில் வாசல்வரை பார்த்தார்.

"உங்கம்மா ஓடிக்கிட்டு இருக்கா," என்றார். "யாரு ஜெயிக்கான்னு பாத்துட்டுச் சொல்லுதேன்."