நாக்கில் படாத கூழ்

கூழ் காய்ச்சத் தெரியாதவர்களுக்கும் இந்தப் புதிர் பொதுதான். தெரிந்தவர்கள் மட்டும் அவசரப்பட்டு விடையை உளறிவிடாமல் இருந்தால் போதும்.

யாழ்ப்பாணத்துக்கு மேற்கே பனைகள் நிறைந்த ஒரு தீவு. ஒடியல் கூழ் என்றால் அங்கே கரை முழுவதும் கூடிவிடும். காயவைத்த பனங்கிழங்கை இடித்தெடுப்பதுதான் ஒடியல் மா. அதில் ஒரு கசப்பு உண்டு. தண்ணீரில் ஊறவிட்டு, மேலே தெளிந்து நிற்கும் கசப்புத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் மாவைக் கரைத்துக் கூழில் விட வேண்டும். மறந்தால் நண்டும் இறாலும் பலாக்கொட்டையும் வெந்த பானை முழுவதும் பாழ்.

கடலுக்குப் போன வேலாயுதம் முந்தின நாளே திரும்பியிருக்க வேண்டும். வரவில்லை. அவன் மனைவி பூரணம் கரையில் காவல்தெய்வமாக இருக்கும் முனியிடம் போய் நின்றாள். "இண்டைக்குப் பொழுதுபட முன்னம் கூழ் படைக்கிறன். ஆளை அனுப்பிவிடு, அப்பு!"

அந்த முனிக்கு ஒரு கண்டிப்பு இருந்தது. பானைக்குள் போனது எதுவும் படைக்கும் முன் மனிதர் நாக்கில் படக்கூடாது.

பூரணத்தின் கை மா ஊறிய சட்டியில் இருந்தது, கண் கடலில் இருந்தது. மாவைக் கரைத்துப் பானையில் விட்டு, சட்டியைக் கிணற்றடியில் போட்டுவிட்டு வந்தவளுக்குத் திடுக்கென்றது. கசப்புத் தண்ணீரைக் கொட்டினேனா? எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. வீட்டில் வேறு மாவும் இல்லை. பொழுதோ இறங்கிக்கொண்டிருந்தது.

"யோசியாமல் படை, மச்சாள். உன்ர மனசு முனிக்குத் தெரியாதே?" என்றாள் வேலாயுதத்தின் தமக்கை தெய்வானை.

"கசந்த கூழை வைச்சுச் சாமியைக் கோவிக்கப் பண்ணாதை, பிள்ளை. அகப்பையால ஒரு சொட்டு நாக்கில விட்டுப் பார்" என்றாள் பக்கத்து வீட்டு நேசம். சொல்லிக்கொண்டே, கிணற்றடிச் சட்டியை முகர வந்த ஆட்டைக் கல்லெறிந்து விரட்டினாள்.

படைத்தபின் கசந்தால் நேர்த்திக்கடன் கெட்டது. ருசி பார்த்தாலும் கெட்டது. நடுக்கடலில் ஒரு உயிர் கிடக்கிறது. பூரணத்தின் இடத்தில் நீங்கள் நின்றால் இந்த இருவரில் யார் சொல்லைக் கேட்பீர்கள்?

விடை: இருவர் சொல்லையும் கேட்க வேண்டாம். (ஆட்டைக் கேட்கலாமே என்பவர்களுக்கு: அது வேப்பிலையையும் ருசித்துத் தின்னும்.) சட்டியில் ஒட்டியிருந்த மா பானைக்குள் போகவே இல்லை. பூரணம் கிணற்றடிக்கு ஓடி, அதை விரலால் வழித்து வாயில் வைத்தாள். கசக்கவில்லை! கூழைப் படைத்தாள். ஊரே வாங்கிக் குடித்தது, ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. பனையோலையை மடித்த பிளா ஒன்றில் கணவனுக்கும் ஊற்றி வைத்தாள். மங்கும் நேரத்தில் வேலாயுதத்தின் தோணி கரை சேர்ந்தது. ஆறிப்போன கூழை ஒரு வாய் குடித்தவன் முகத்தைச் சுளித்தான். "இஞ்சாரப்பா, உப்புப் போடேல்லையே?" இரண்டு நாளாக அழாமல் இருந்த பூரணம் அப்போதுதான் அழுதாள்.