ஒளியை முந்திய குதிரை

விஞ்ஞானிகள் எதைக் கண்டுபிடித்தாலும், அதைச் சித்தர்கள் என்றைக்கோ சொல்லிவிட்டார்கள் என்பார் பிரகாசானந்த சுவாமிகள். காலையில் பேப்பரில் செய்தி வரும். மாலைக்குள் அதற்குத் தோதான பாட்டைத் தேடிக் கொடுக்க வேண்டியது மடத்து ஏவலாள் திருமேனியின் பாடு. பழம்பாடல்களைப் புரட்டிப் புரட்டி அவனுக்குக் கண் பூத்துப்போயிருந்தது.

ஒளியைவிட வேகமாக ஒரு துகள் ஓடுவதாக ஒருநாள் செய்தி வந்தது. மனம் என்னும் குதிரை தறிகெட்டு ஓடுவதாக ஒரு சித்தர் பாடியிருந்ததை எடுத்துக் கொடுத்தான். "அந்தக் குதிரைதான் இந்தத் துகள்" என்று சுவாமிகள் சபையில் முழங்கினார். கைதட்டல் ஓய வெகுநேரமாயிற்று.

மறுநாள் சபையில் ஒரு இயற்பியல் வாத்தியார் எழுந்தார்.

"சாமி, அது கருவிக் கோளாறாம். ஒளியை எதுவும் முந்தலைன்னு அந்த விஞ்ஞானிகளே சொல்லிட்டாங்க."

சுவாமிகள் அசரவில்லை. "அதையும் சித்தர்கள் சொல்லியிருக்கிறார்கள். திருமேனி, அந்தப் பாட்டைப் படி" என்றார். பிறகு அவன் பக்கம் குனிந்து, "இப்பவே ஒண்ணு சொல்லலைன்னா ராத்திரி உனக்கு மடத்துச் சோறு கிடையாது" என்று பல்லைக் கடித்தார்.

திருமேனி கொட்டாவியை விழுங்கிக்கொண்டு மைக்கைத் தன் பக்கம் இழுத்தான்.

"வேற பாட்டு எதுக்குங்க சாமி, சித்தரா எழுந்து வந்து கேக்கப்போறாரு? அதே குதிரைதான். நேத்து அவுத்து விட்டோம், இன்னைக்குக் கட்டிப்போட்டுருவோம்."