கைதட்டு வாங்கிய வழக்கு

நான் கோர்ட்டில் டவாலியாக இருந்தவன். வாசலில் நின்று பேர் கூப்பிடுவது வேலை. என் குரலைப் பற்றி நானே பல கதைகள் கட்டிவிட்டிருக்கிறேன். நான் கூப்பிட்ட சத்தத்துக்கு, செத்து மூன்று மாதமான பிரதிவாதி எழுந்து வந்து கூண்டில் நின்றார் என்பது அதில் ஒன்று. அதை நம்ப வேண்டாம். இதை நம்பலாம். ஆள் பெருமைக்காகத்தான் புளுகுவான். இதில் எனக்குப் பெருமை எதுவும் இல்லை.

எங்கள் ஊர்ச் சட்டக் கல்லூரியில் சனிக்கிழமைதோறும் இலவச சட்ட உதவி மையம் நடக்கும். மாணவர்கள் மேசை போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களின் வழக்கை எழுதிக்கொள்வார்கள். அவர்களுக்கு அது பயிற்சி. "இங்கே சொன்னது வெளியே போகாது" என்று சுவரில் ஒட்டி, அதன் கீழே எல்லோரும் கையெழுத்தும் போட்டிருந்தார்கள்.

அங்கே காசியம்மாள் வந்தாள். இட்லி மாவு ஆட்டி விற்பவள். இரண்டு பெண் பிள்ளைகள். புருஷன் குடித்துவிட்டு ஓடிப்போனவன். பத்தொன்பது வருடத்துக்கு முன் ஒரு பெரியவர் தன் பின்கட்டு வீட்டில் வாய்ப்பேச்சாக அவளைக் குடிவைத்தார். இரண்டு வருடம் முன் அவர் இறந்துபோனார். 'அப்பா போன பிறகு இவளாக நுழைந்துகொண்டாள்' என்று மகன் வழக்குப் போட்டுவிட்டான். தோற்றால் தெருவில்தான் நிற்க வேண்டும்.

ஒரு மஞ்சள் பை நிறையக் காகிதங்களை மேசையில் கொட்டினாள். எழுதிக்கொண்ட மாணவி ரெஜினா, "ரேஷன் கார்டும் ஆதாரும் போதும்க்கா" என்றாள். மற்றதையெல்லாம் காசியம்மாள் திரும்பப் பைக்குள் திணித்துக்கொண்டாள்.

அடுத்த மாதம் கல்லூரியில் மாதிரி நீதிமன்றப் போட்டி. நல்ல வழக்கு ஒன்று வேண்டும். ரெஜினா தன் குறிப்பை எடுத்துக் கொடுத்தாள். காசியம்மாள் என்ற பேரை ராசாத்தி என்று மாற்றினார்கள். தெருப் பேரை மாற்றினார்கள். மாவு கிரைண்டர், பின்கட்டு, ஓடிப்போன புருஷன் எல்லாம் அப்படியே இருந்தன. கேட்க உருக்கமாக இருந்ததாம்.

நீதிபதி நாற்காலிக்கு ஊரில் பேர்பெற்ற வக்கீல் குலசேகரனை அழைத்தார்கள். அழகுக்கு அசல் டவாலி வேண்டும் என்று என்னையும். சிவப்புப் பட்டையை மாட்டிக்கொண்டு போனேன். அந்த மகனுக்கு வக்கீல் இதே குலசேகரன்தான் என்பது கல்லூரியில் யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். வக்கீலைக் காரில் கூட்டி வந்த அந்த மகன் கடைசி வரிசையில் உட்கார்ந்ததையும் பார்த்தேன். வாய்தாவுக்கு வாய்தா இரண்டு பேரையும் கூப்பிட்டவன் ஆயிற்றே நான்.

ரெஜினா 'ராசாத்தி'க்காக வாதாடினாள். எதிர்த்தரப்பில் தினகர் என்ற மாணவன். கெட்டிக்காரன். ராசாத்தியாக நடித்த பெண்ணிடம் கேட்டான்:

"பத்தொன்பது வருஷமா இங்கதான் இருக்கீங்க. அப்ப ரெண்டு வருஷம் முந்தி வரைக்கும் ரேஷன் கார்டு மட்டும் ஏன் உங்க அம்மா ஊர்ல இருந்துச்சு?"

நடித்த பெண் ரெஜினாவைத் திரும்பிப் பார்த்தாள். கூடம் முழுக்கக் கைதட்டல். நாற்காலியில் குலசேகரன் பேனாவை மூடி வைத்தார். இது தன் கையில் இருக்கும் வழக்குதான் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் எழுந்திருக்கவில்லை. கோப்பையைத் தினகரிடம் கொடுத்தார். கடைசி வரிசை மகன் சிரித்துக்கொண்டே வெளியே போனான்.

அசல் வழக்கின் மகனும் அவன் வக்கீலும் உட்கார்ந்து கேட்ட விஷயம் சாயந்திரத்துக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

குலசேகரன் மறுநாளே வக்காலத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "மாணவர் சபையில் கேட்டதை வைத்து ஜெயிக்க எனக்குக் கூச்சமா இருக்கு" என்றார். மகன் வேறு வக்கீலைப் பிடித்துக்கொண்டான்.

தினகர் கோப்பையைக் கொண்டுபோய்க் கல்லூரி அலுவலகத்தில் வைத்துவிட்டான். அதன்பின் அவன் சட்ட உதவி மையத்துப் பக்கமே வரவில்லை.

ரெஜினா காசியம்மாளின் வீட்டுக்குப் போனாள். கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது.

"அக்கா, உங்க கேஸைக் காலேஜ்ல போட்டியா நடத்திட்டோம். அந்தப் பெரியவர் மகன் உக்காந்து கேட்டுட்டாரு."

"எம் பேரச் சொன்னியளா?"

"பேரை மாத்திட்டோம்."

"எம் புருசன் ஓடிப்போனதச் சொன்னியளா?"

"சொன்னோம்."

காசியம்மாள் கிரைண்டரை நிறுத்தினாள். "கைதட்டுனாவளா?"

"தட்டினாங்க."

"போ தாயி. இனி இங்க வராத."

கதவு சாத்தியாயிற்று. சாத்திய கதவைப் பார்த்து ரெஜினா சொன்னாள்: "அந்த ரேஷன் கார்டு கேள்வியைக் கட்டாயம் கேப்பாங்கக்கா. பழைய காயிதம் எதுவா இருந்தாலும் தேடி வைங்க."

மூன்று பேருக்கும் வெட்கம். மூன்று பேரும் சும்மா இருக்கவில்லை. ஒருவர் வழக்கை விட்டார், ஒருவன் கோப்பையை விட்டான், ஒருத்தி சாத்திய கதவு முன் நின்றாள். கேட்கிறேன், சொல்லுங்கள்: இதில் யார் செய்தது சரி?

விடை: ரெஜினா செய்ததுதான். வக்காலத்து மகனிடம் போனது, கோப்பை அலமாரிக்குப் போனது. இரண்டாலும் அவரவர் கையைத்தான் கழுவிக்கொண்டார்கள். காசியம்மாளிடம் எதுவும் போய்ச் சேரவில்லை. தன் வெட்கத்தை அவள் வாசல் வரை எடுத்துப் போனவள் ரெஜினா ஒருத்திதான். அந்த மஞ்சள் பையை நீங்கள் மறக்காமல் இருந்தால் மீதியும் புரிந்திருக்கும். பிள்ளைகள் ஒன்றாம் வகுப்புச் சேர்ந்ததிலிருந்து அந்த வீட்டு விலாசம் போட்ட பள்ளிக்கூடச் சான்றுகள் அதில்தான் இருந்தன. மகனின் புது வக்கீல் ரேஷன் கார்டைப் பற்றிக் கேட்ட அன்றைக்கு அவள் கையில் அவை தயாராக இருந்தன. வீடும் தப்பியது.

நான்காவதாக ஒரு ஆள் இருந்தானே, எல்லாம் தெரிந்தும் வேடிக்கை நன்றாக இருக்கிறது என்று பட்டையோடு நின்றவன், அவனைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. காசியம்மாள் கேட்டாள். அன்று கோர்ட் வாசலில் என் முன்னால் நின்று, "நீங்களும் அங்கதான் நின்னியளாமே அண்ணாச்சி" என்றாள். வழக்கப்படி அவள் பேரை மூன்று தரம் கூப்பிட வேண்டும். ஒரு தரம்தான் கூப்பிட்டேன். அதுவும் பக்கத்தில் நின்றவளுக்கே சரியாகக் கேட்டிருக்காது.