தீ அணைந்து இருபது நிமிடம்

தாணுமாலயன் அன்றைக்குப் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். ஐம்பத்திரண்டு வயசு மனிதர். சும்மா ஒன்றும் போடவில்லை, காரணம் இருந்தது.

விண்ணுக்குப் போய்த் திரும்பி, மறுபடியும் மறுபடியும் போய்வரப் போகிற கலம் ஒன்று உருவாகிக்கொண்டிருந்தது. திரும்பி வரும்போது எரிக்கிற சூட்டைத் தடுக்க அதன் அடிவயிற்றில் ஒட்டுகிற ஓடுகளின் கனத்தை இரண்டு வருஷமாகப் பாடுபட்டு அரை விரல் குறைத்திருந்தார் அவர். அந்த எடை மிச்சமானால் கலத்தில் இன்னும் ஓர் ஆளை ஏற்றலாம். இன்றைய சோதனையில் தேறினால் அவருடைய ஓடு பறக்கும். தேறாவிட்டால் பழைய தடித்த ஓடே போதும் என்று மேலிடம் சொல்லிவிட்டது.

அவருக்கு இந்த வித்தையைக் கற்றுக்கொடுத்தவர் ஹமீதா பானு. வயதில் ஒன்பது வருஷம் சின்னவர். இரும்பு ஆலைகளுக்கு உலை கட்டிக்கொண்டிருந்த தாணுமாலயனை அழைத்து வந்து, அரிச்சுவடியிலிருந்து ஆரம்பித்தார். பேச்சு ரொம்பக் குறைவு. பத்துக் கேள்வி கேட்டால் ஒன்றுக்குப் பதில் வரும், அதுவும் டீ குடித்து முடித்த பிறகு.

ஓட்டின் முகத்தில் பன்னிரண்டு நிமிடம் தீயைப் பீய்ச்சினார்கள். ஓடு வெள்ளையாகத் தகதகத்தது. அதன் முதுகில், பசை இருக்கிற இடத்தில், வெப்பமானி ஒன்று இருந்தது. இருநூறு டிகிரியைத் தாண்டினால் பசை இளகிப் பலம் இழந்துவிடும். தீயை அணைத்தபோது அது காட்டியது அறுபத்திரண்டு.

"அறுபத்திரண்டுதான் மேடம்," என்றார் தாணுமாலயன். "தேறிட்டோம்."

பேனாவைத் திறந்தார். சோதனை அறிக்கையில் கையெழுத்தைப் போட்டுவிட்டு ஓடிப்போய் வீட்டுக்குப் போன் பண்ண வேண்டும்.

ஹமீதா பானு அறிக்கையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "உட்காருங்க சார்."

"எதுக்கு மேடம்? தீதான் நின்னுபோச்சே."

"வெளியில நின்னுபோச்சு."

அவர் உட்கார்ந்தார். வெப்பமானியின் எண் தொண்ணூறு ஆனது.

முகத்தில் வாங்கிய சூடு இப்போதுதான் ஓட்டுக்குள் ஊறி முதுகுக்கு வந்துகொண்டிருந்தது. உலை கட்டியவருக்கு இது தெரியாதா? நன்றாகவே தெரியும். இரண்டு வருஷத்து ஆசை கண்ணை மறைத்துவிட்டது, அவ்வளவுதான்.

பத்தாவது நிமிடம் நூற்றைம்பது. தாணுமாலயன் வேண்டாத தெய்வம் பாக்கியில்லை. பதினாறாவது நிமிடம் நூற்றுத் தொண்ணூற்றாறு. அங்கேயே நின்றுவிடும் போலிருந்தது. நிற்கவில்லை. இருபதாவது நிமிடம் இருநூற்றுப் பதினொன்றைத் தொட்டுவிட்டு, சாவகாசமாக இறங்க ஆரம்பித்தது.

அவருக்கு அழுகை வந்தது. அதைவிடக் கோபம் அதிகமாக வந்தது.

"ஒண்ணு கேக்கேன் மேடம். தப்பா எடுத்துக்காதீங்க."

"கேளுங்க."

"கலம் இறங்கும்போது, தீ அணைஞ்ச இருபதாவது நிமிஷம் அது எங்க இருக்கும்?"

"தரையில. ஓடுபாதையில நிக்கும்."

"அப்போ பசை இளகினா என்ன? ஒரு ஓடாவது கழன்று விழுமா?"

"விழாது. ஆறினதும் ஒட்டினபடியேதான் இருக்கும். பார்த்தா வித்தியாசமே தெரியாது."

"உள்ள இருந்தவங்க?"

"நல்லபடியா இறங்கியிருப்பாங்க."

"ஒருத்தருக்கும் ஒரு கீறல் கூட இல்ல."

"இல்ல சார்."

தாணுமாலயன் பேனாவை மேசையில் வைத்தார்.

"பின்ன யாருக்கு மேடம் இதுல ஆபத்து? எதுக்கு என் ரெண்டு வருஷத்தைக் குப்பையில போடணும்?"

ஹமீதா பானு அறிக்கையை அவர் பக்கமே திருப்பி வைத்தார்.

"அவங்க இறங்குறதைப் பார்த்துக் கைதட்டிட்டு நிப்பாங்களே சார், அடுத்த தடவை அதுல ஏறப்போறவங்க. அவங்களுக்கு."