பசுவைக் காத்தவரைக் காத்தவர்கள்

ஜாவாத் தீவில், புகைகிற மலை ஒன்றின் சரிவில் தெகல்வுங்கு என்று ஓர் ஊர். அறுபது வீடுகள். மேட்டில் மிளகாயும் முட்டைக்கோசும். வீட்டுக்கு ஒரு கறவை மாடு. மலை அவ்வப்போது கனைக்கும். ஊரார் நிமிர்ந்து பார்ப்பார்கள், பிறகு களையெடுக்கக் குனிந்துவிடுவார்கள்.

அந்த ஊரில் வகிமின் என்றொரு விவசாயி. வயது ஐம்பத்தெட்டு. அவருக்கு ஒரு மாடு, ஒரு மனைவி, ஒரு குரு. குருவின் பெயர் முக்லாஸ். சீடரைவிடப் பதினாறு வயது இளையவர். தொழுகைக்கூடத்தில் ஓதிக்கொடுப்பார். மார்க்கம் சொல்லித் தருகிறவரை அந்தப் பக்கத்தில் 'கியாய்' என்பார்கள். இவரையும் அப்படித்தான் அழைத்தார்கள். வகிமின் ஐம்பது வயது தாண்டி எழுத்துக்கூட்டப் போனவர். எழுத்து அவருக்கு மெதுவாகத்தான் வந்தது. ஆனால் கியாய் சொன்ன வாக்கியம் ஒன்றையும் அவர் மறந்ததில்லை. கியாய்க்கு அதுதான் தொல்லை.

ஒரு வியாழக்கிழமை காலை மலை கனைக்கவில்லை, உறுமியது. பத்து மணிக்கே வெயில் மங்கிவிட்டது. துணி உலர்த்தும் கொடியில் சாம்பல் படிந்தது. ஊர்த்தலைவர் சர்ஜோனோ ஒலிபெருக்கியோடு தெருத்தெருவாக ஓடினார்.

"எல்லோரும் கீழே இறங்குங்கள்! மனிதர்கள் மட்டும்! மாடுகளுக்கு நாளைக்குத் தனி லாரி வரும்!"

வகிமினின் மாட்டுக்கு லெமு என்று பெயர். அந்த ஊர்ப் பேச்சில் குண்டச்சி என்று அர்த்தம். எட்டு மாதச் சினை. தொழுவத்தில் பிறந்து தொழுவத்திலேயே வளர்ந்தவள். வகிமின் தினமும் இரண்டு கட்டுப் புல்லைத் தலையில் சுமந்து வந்து போடுவார். லெமு புல்லைத் தேடிப் போனதே இல்லை. வெளியே இழுத்தால் நாலு காலையும் ஊன்றிக்கொண்டு நிற்பாள்.

வகிமின் தொழுவத்தின் முன்னால் ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்தார்.

அவர் மனைவி சுமியெம் சோற்றுப்பானையைத் துணியில் கட்டிக்கொண்டிருந்தாள்.

"வரவில்லையா?"

"மாட்டை விட்டுவிட்டா?"

"சரி. நீங்கள் மாட்டோடு இருங்கள். நான் பானையோடு போகிறேன். எது முதலில் வேகிறது என்று பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு, அவள் முதல் லாரியில் ஏறிப் போய்விட்டாள்.

நண்பகலில் இரண்டாவது லாரி வந்தது. அதுதான் கடைசி. சாலை முனையில் நின்று ஹாரன் அடித்தது. வகிமின் அசையவில்லை.

கியாய் முக்லாஸ் தலையில் ஈரத் துண்டோடு மேட்டில் ஏறி வந்தார். மூச்சு வாங்கியது.

"பாக் வகிமின், எழுந்திருங்கள். லாரி காத்திருக்கிறது." பெரியவர்களை அங்கே பெயருக்கு முன் 'பாக்' சேர்த்துத்தான் கூப்பிடுவார்கள்.

"மன்னியுங்கள் கியாய். என்னால் வர முடியாது."

"ஏன்?"

"நீங்கள்தான் சொன்னீர்கள். போன ரமலானுக்கு முந்தின செவ்வாய்க்கிழமை. கையில் கொடுக்கப்பட்டது எல்லாம் அமானிதம், நம்பி ஒப்படைத்த பொருள், அதை விட்டுவிட்டு ஓடுகிறவன் நம்பிக்கைத் துரோகி என்று."

கியாய் அப்படித்தான் சொல்லியிருந்தார். கிழமைகூடச் சரி.

"லெமு எனக்கு அமானிதம்" என்றார் வகிமின்.

கியாய் மலையைப் பார்த்தார். மாட்டைப் பார்த்தார். பிறகு பலகையின் மறுமுனையில் உட்கார்ந்துவிட்டார்.

வகிமின் திகைத்துப் போனார். "என்ன செய்கிறீர்கள்?"

"காவல் இருக்கிறேன்."

"மாட்டுக்கு நான் ஒருவன் போதும் கியாய்."

"மாட்டுக்கு நீங்கள். உங்களுக்கு நான். உங்களை என் கையில்தானே கொடுத்திருக்கிறது?"

"ஐயோ, வேண்டாம். நீங்கள் போங்கள்."

"துரோகி என்பீர்களே."

இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். லெமு அசைபோட்டாள். சாம்பல் மாவு சலிப்பது போல விழுந்துகொண்டிருந்தது.

கொஞ்ச நேரத்தில் கியாயின் மனைவி ரொஹிமா வந்தாள். முக்காட்டை மூக்கு வரை இழுத்துக் கட்டியிருந்தாள்.

"ஓர் ஆளை அழைத்துவரப் போனவர் இங்கே என்ன செய்கிறீர்கள்?"

"காவல்" என்றார் கியாய்.

அவள் இருவரையும் பார்த்தாள். கவிழ்ந்து கிடந்த வாளியை எடுத்து, தட்டி, கணவருக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

"நீ எதற்கு?" கியாயின் குரல் சற்று உயர்ந்தது.

"நிக்காஹ் அன்று என் அப்பா உங்களை என்னிடம் ஒப்படைத்தார்."

"உன்னைத்தான் என்னிடம் ஒப்படைத்தார்."

"அப்படித்தான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்."

அடுத்ததாக ஊர்த்தலைவர் சர்ஜோனோ வந்தார். நெகிழிப் பையில் சுற்றிய பெயர்ப் பட்டியலை மார்போடு அணைத்திருந்தார். மூவரும் வரிசையாக உட்கார்ந்திருப்பதைக் கண்டதும் அவர் முகம் அழுவது போல ஆனது.

"பட்டியலில் மூன்று பேர் குறைகிறது. குறைவோடு நான் கீழே போகக்கூடாது. மேலதிகாரியிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன்."

"அப்படியென்றால் உட்காருங்கள்" என்றாள் ரொஹிமா, நகர்ந்து இடம் கொடுத்து.

"உட்காரத்தான் வந்தேனா?" என்று கத்திக்கொண்டே அவர் உட்கார்ந்தார். காலையிலிருந்து ஓடிய கால்கள்.

மலை மறுபடியும் உறுமியது. தொழுவத்தின் ஓடுகள் கடகடவென்று ஆடின. அவ்வளவு பேரும் ஒரே நேரத்தில் குனிந்தார்கள். லெமு மட்டும் குனியவில்லை.

லாரி ஓட்டுநர் பைமோ மேட்டில் பாய்ந்து ஏறி வந்தான். உட்கார்ந்திருந்தவர்களைக் கண்டதும் இரண்டு கையையும் தூக்கினான்.

"நான் உட்கார மாட்டேன்! சொல்லிவிட்டேன்! தலைவர் ஏறாமல் வண்டியை எடுக்கக்கூடாது என்று உத்தரவு. அதனால் நிற்கிறேன். ஆனால் உட்கார மாட்டேன்!"

வகிமின் அவனைப் பார்த்தார். "வண்டியில் யார் யார் இருக்கிறார்கள்?"

"எட்டுக் கிழவிகள். வாத்து மேய்க்கிறவர் குடும்பம். பிள்ளை பெற்று ஒன்பது நாளான துமினி, அவள் குழந்தை. அப்புறம் மூன்று ஆடு."

"ஆடா?" ஊர்த்தலைவர் துள்ளி எழுந்தார். "மனிதர்கள் மட்டும் என்று சொன்னேனே!"

"போர்வைக்குள் இருந்தது. பாட்டிக்கு இருமல் என்றார்கள். இருமல் 'மே' என்று வந்தபோதுதான் தெரிந்தது."

"ஆடு போகலாம், என் மாடு போகக்கூடாதா?" என்றார் வகிமின்.

"தூக்கி ஏற்றுங்கள், கொண்டு போகிறேன்" என்றான் பைமோ.

எல்லோரும் லெமுவைப் பார்த்தார்கள். லெமு பெரிய வயிற்றோடு எல்லோரையும் பார்த்தாள்.

வகிமின் மனசுக்குள் ஒரு கணக்கு ஓடியது. மாட்டின் மேல் தான். தன் மேல் கியாய். கியாயின் மேல் அவர் மனைவி. அதற்கு மேல் தலைவர், ஓட்டுநர், எட்டுக் கிழவிகள், ஒன்பது நாள் குழந்தை. துமினியின் குழந்தையை அவர் பார்த்திருந்தார். எலிக்குஞ்சு மாதிரி சிவப்பாக இருந்தது. பெயர்கூட இன்னும் வைக்கவில்லை.

அவர் எழுந்து தொழுவத்துக்குள் போனார். லெமுவின் கழுத்துக் கயிற்றில் விரல் வைத்தார். அவரே போட்ட முடிச்சு, அவிழ மறுத்தது. பல்லால் கடித்து இழுத்தார். கயிறு விழுந்தது. தொழுவத்தின் குறுக்குக் கட்டைகளையும் உருவி எறிந்தார்.

"போ" என்றார். "எங்கேயாவது போ."

லெமு நின்ற இடத்திலேயே நின்றாள். அவர் அவள் நெற்றியில் ஒரு முறை தன் நெற்றியை வைத்தார். வெளியே வந்தபோது முகத்தில் இரண்டு இடத்தில் சாம்பல் கரைந்து கோடாக இறங்கியிருந்தது.

"கிளம்புங்கள்" என்றார்.

பைமோ முதலில் ஓடினான். தலைவர் பட்டியலோடு ஓடினார். ரொஹிமா எழுந்து நின்றாள். கியாய் மட்டும் எழுந்திருக்கவில்லை.

"கியாய்?"

"கால் மரத்துவிட்டது. தூக்கிவிடுங்கள்."

வகிமின் தூக்கிவிட்டார். குருவின் கை சில்லென்றிருந்தது.

லாரி பாலத்தைத் தாண்டி அரை மணி நேரம் ஆகியிருக்காது. பின்னால் மலை உடைந்தது போல ஒரு சத்தம் கேட்டது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. போர்வைக்குள் ஆடு இருமியது. தலைவர் ஒன்றும் சொல்லவில்லை.

கீழே பள்ளிக்கூடத்து முகாமில் நான்கு நாள் இருந்தார்கள். சுமியெம் கணவருக்குச் சோறு போட்டாள். "மாடு எங்கே?" என்று கேட்கவில்லை. அதுவே அவருக்குப் பெரிய தண்டனையாக இருந்தது. அவர் இரவும் பகலும் கயிற்று முடிச்சையே நினைத்துக்கொண்டிருந்தார். தினமும் போட்ட புல் வெறும் புல்லா, அவளை நகர விடாமல் கட்டிய கயிறா என்றுகூட யோசித்தார்.

ஐந்தாம் நாள் மேலே போய்ப் பார்த்து வர அனுமதி கிடைத்தது. ஊர் முழுக்க ஒரே நிறமாக இருந்தது. வகிமினின் வீட்டுக் கூரை சாம்பல் பாரத்தில் உள்ளே இறங்கியிருந்தது. நடு விட்டம் அவர் படுக்கும் கட்டிலின் மேல் கிடந்தது. தொழுவமும் மண்ணோடு மண்ணாகியிருந்தது. அவர் கையாலேயே ஓடுகளைப் புரட்டினார். கியாயும் குனிந்து புரட்டினார். அடியில் எதுவும் இல்லை.

அப்போது மேட்டுக்கு அப்பாலிருந்து ஊர்த்தலைவரின் அலறல் கேட்டது.

"என் முட்டைக்கோசு!"

ஓடிப்போய்ப் பார்த்தார்கள். வயலின் நடுவே சாம்பல் பூசிய லெமு நின்றுகொண்டிருந்தாள். ஒவ்வொரு கோசிலும் மேல் இலைகளைத் தள்ளிவிட்டு உள்ளே இருந்த வெள்ளைக் குருத்தை மட்டும் தின்றிருந்தாள். ஏறக்குறைய வயல் முழுவதும் முடிந்திருந்தது. வகிமினைப் பார்த்து, தாமதமாக வந்த வேலைக்காரனைப் பார்ப்பது போல, ஒரு முறை கத்தினாள்.

வகிமின் வரப்பில் உட்கார்ந்து, வயிறு வலிக்கும் வரை சிரித்தார். சிரிப்பு எப்போது அழுகையானது என்று அவருக்கே தெரியவில்லை. கியாய் பக்கத்தில் உட்கார்ந்தார்.

ரொம்ப நேரம் கழித்து வகிமின் கேட்டார்.

"கியாய், ஒன்று கேட்கலாமா?"

"கேளுங்கள்."

"அன்றைக்கு நான் எழுந்திருக்காமல் இருந்திருந்தால், நீங்கள் நிஜமாகவே அங்கேயே உட்கார்ந்திருப்பீர்களா?"

கியாய் மலையைப் பார்த்தார். இப்போது அது மெல்லிய புகையோடு நல்ல பிள்ளை மாதிரி இருந்தது.

"எழுந்து ஓடிவிடலாம் என்று மூன்று தடவை நினைத்தேன்."

"அப்புறம்?"

"ரொஹிமா வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்."