எலும்பில் ஒரு ஜன்னல்

பேச்சியம்மாளின் முழங்காலில் கட்டி திரும்ப வந்துவிட்டது.

எக்ஸ்ரேயை வெளிச்சப் பலகையில் மாட்டியதுமே டாக்டர் செல்வினுக்குத் தெரிந்தது. தொடை எலும்பு முழங்காலைத் தொடும் நுனியில், சோப்பு நுரை போலக் கறுப்புக் குமிழ்கள். போன வருடம் இதே இடத்தில்தான் அவன் முதன்முதலாகத் தனியாகக் கத்தி பிடித்தான்.

அவனுடைய ஆசிரியை சிவகாமசுந்தரி படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"ரத்தத்தில கால்சியம்?"

"சரியா இருக்கு மேடம். பாராதைராய்டும் சரிதான்."

அந்தச் சுரப்பி கெட்டாலும் எலும்பு இதே வேஷம் போடும் என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான்.

"ஊசியில எடுத்த சதை?"

"அதே ஜெயன்ட் செல் கட்டி. மூட்டு இன்னும் கெடலை. ஆனா மேல தகடு மாதிரிதான் எலும்பு மிஞ்சியிருக்கு. இன்னொரு தடவை வந்தா மூட்டையே எடுத்துட்டு உலோகம் வைக்கணும்."

"ஜன்னல் எவ்வளவு பெரிசா போட்டே?"

கட்டியைச் சுரண்டி எடுக்க எலும்பில் திறக்கும் வழிக்கு அவர்கள் வைத்த பெயர் ஜன்னல். செல்வின் தன் கட்டைவிரல் நகத்தைக் காட்டினான்.

"பஸ் கண்டக்டர் மேடம். நாளெல்லாம் நிக்கிற கால். சின்ன வயசு. பெரிசா உடைக்க மனசு வரலை."

விரலை மடக்கிக்கொண்டு, "இரக்கப்பட்டது தப்பா மேடம்?" என்றான்.

அவர் படத்தைக் கழற்றி உறையில் போட்டார். "வா, இளநீர் குடிக்கலாம்" என்றார்.

ஆஸ்பத்திரி வாசலில் இருவரும் குடித்தார்கள். குடித்து முடித்த காயோடு ஒரு ஸ்பூனையும் அவன் கையில் கொடுத்தார்.

"ஓட்டையைப் பெரிசாக்காம வழுக்கை முழுசையும் எடு."

செல்வின் ஸ்பூனைத் திருப்பித் திருப்பிச் சுரண்டினான். வியர்த்தது. அடியில் ஓடு தட்டுப்பட்டது.

"முடிஞ்சுது மேடம்."

அவர் காயைக் கடைக்காரரிடம் நீட்டினார். ஒரே வெட்டு. இரண்டாகப் பிளந்தது. அடிப்பக்கம் சுத்தமாக இருந்தது. மேலே, ஓட்டையின் விளிம்புக்கு உள்பக்கம், வழுக்கை வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருந்தது.

செல்வின் அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"இந்தத் தடவை நீங்களே பண்ணிடுங்க மேடம்."

"நான் கூட நிக்கிறேன். அவகிட்ட நீ போய்ச் சொல்லு."

பேச்சியம்மாள் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அவன் முகத்தைப் பார்த்ததும் அவளே தொடங்கினாள்.

"என்ன சார், ஒருத்தன் டிக்கெட் எடுக்காம சீட்டுக்கு அடியில ஒளிஞ்சிருந்தானாக்கும்?"

"ஆமாம்மா. நான் சரியாப் பாக்கலை."

அவள் சிரிப்பு நின்றது. "புத்துநோயா சார்?"

"இல்லை. இது உடம்பெல்லாம் பரவுறது ரொம்ப அபூர்வம். இருக்கிற இடத்தைத்தான் அரிக்கும். இந்தத் தடவை நல்லாத் திறந்து சுரண்டுவேன். மருந்து தடவி, சிமென்ட் வச்சு அடைப்பேன்."

"சிமென்டா? வீட்டுச் சுவரே பூசாமக் கிடக்கு, காலுக்குப் பூசுதீகளா!"

"அது எக்ஸ்ரேயில வெள்ளையாத் தெரியும். பக்கத்தில ஏதாவது அரிச்சா சீக்கிரமே கண்டுபிடிச்சிடலாம்." அவன் தயங்கினான். "தழும்பு பெரிசா இருக்கும்."

"தழும்பைச் சேலை மறைச்சுக்கிடும் சார். எனக்கு ரெண்டு காலும் ஊனி பஸ்ஸில நிக்கணும். அதைப் பாருங்க."

ஆபரேஷன் தியேட்டரில் செல்வின் பழைய வடுவைத் திறந்தான். ஆசிரியை எதிரே நின்று விளக்கைப் பிடித்தார். எலும்பில் தன் பழைய ஜன்னலைப் பார்த்தான். அதன் விளிம்பைக் கொஞ்சம் வெட்டினான். அங்கேயே, விளிம்புக்கு உள்பக்கம், பழுப்பாக மெத்தென்று கட்டி இருந்தது.

அவன் கை நின்றது.

"அன்னிக்கு இரக்கம்தான் மேடம் பட்டேன்" என்றான், முகக்கவசத்துக்குள்ளிருந்து.

அவர் விளக்கைச் சற்றுச் சாய்த்தார்.

"யார் மேல?"

போன வருடம் முதல் தடவையாகத் தனியாகக் கத்தி பிடித்த தன் கையைச் செல்வின் பார்த்தான். உள்ளே எல்லா மூலையிலும் வெளிச்சம் விழும்வரை ஜன்னலை அகலமாக்கினான்.