பூனை கீறாத கார்

"தினமும் துடைக்கேன்மா. ஒருநாள் விட்டதில்ல. ரெண்டு வருசமா பூப்போலப் பாத்துக்கிடுதேன். அப்புறம் எப்படி இவ்வளவு கீறல்?"

கேட்டவர் வெங்கடாசலம். கோவில்பட்டியில் முப்பது வருடம் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர்.

கேட்கப்பட்டவள் செண்பகம். எட்டயபுரம் சாலையில் கார் கழுவும் ஷெட் வைத்திருந்தாள். அவருக்குப் பாதி வயது. முழங்கால் வரை நனைந்து, கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள். வாத்தியாருக்குப் பாடம் எந்த இடத்தில் எழுதியிருக்கிறது என்று யார் கண்டது?

செண்பகம் எழுந்து வந்து, செல்போன் வெளிச்சத்தை பானெட்மேல் பிடித்தாள். கருநீலப் பெயிண்டில் மெல்லிய கோடுகள் வட்டம் வட்டமாக ஓடின.

"யாரு சார் கீறுனது?"

"தெருவுல ஒரு பூனை சுத்துது. அதுவாத்தான் இருக்கும்."

"வட்டம் போட்டுக் கீறுத பூனைய நான் பாத்ததில்ல."

வாத்தியாருக்குச் சுருக்கென்றது.

"நீங்க எப்படித் துடைப்பீங்க? காட்டுங்க."

அவர் பையிலிருந்து பனியன் துணியை எடுத்தார். வந்த வழியில் படிந்திருந்த தூசியை, குழந்தைக்குத் தலை துவட்டுகிற மாதிரி, சுற்றிச் சுற்றித் துடைத்தார்.

"இப்படித்தான். அழுத்தக்கூட மாட்டேன்."

"உங்க கண்ணாடியக் குடுங்க."

மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தார். அவள் குனிந்து ஒரு சிட்டிகை மண்ணை எடுத்தாள். கண்ணாடியில் தூவினாள். திரும்ப அவர் கையிலேயே வைத்தாள்.

"துடைங்க."

அவர் பதறிப்போனார். "என்னம்மா இது! அப்படியே துடைச்சா கீறிடாதா? முதல்ல தண்ணில காட்டணும்!"

செண்பகம் டம்ளரை எடுத்தாள். மீதி டீயைக் குடித்தாள்.

வெங்கடாசலம் கையிலிருந்த கண்ணாடியைப் பார்த்தார். காரைப் பார்த்தார். அது மங்கலாகத் தெரிந்தது.

"அப்ப நான்தானா?"

"வேற யாரு வந்தா உங்க வீட்டுக்கு?"

அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள். அவருக்குத்தான் அது வேறு மாதிரி கேட்டது. யாரும் வரவில்லை என்பதுதானே அவருடைய கதை.

கார் அவர் மகள் சுபாஷிணியுடையது. சொந்தச் சம்பளத்தில் வாங்கியது. இரண்டு வருடம் முன்பு தனக்குப் பிடித்தவனைக் கல்யாணம் செய்துகொண்டு, காரை வீட்டிலேயே விட்டுவிட்டு, ஓசூருக்குப் போய்விட்டாள். போகும்போது அவர் ஒரு நல்ல வார்த்தை சொல்லவில்லை.

ஆறு மாதம் முன்பு ஒருமுறை வந்தாள். கேட்டிலேயே அவர் ஆரம்பித்துவிட்டார். இப்பத்தான் அப்பன் ஞாபகம் வந்துச்சா? அவன் ஏன் வரல? அப்படியென்ன பெரிய வேலை?

அவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வந்த ஆட்டோவிலேயே திரும்பிப் போனாள்.

மிச்சம் இருந்தது கார்தான். மகளைத் தொட முடியாதவர் தினமும் அதைத் தொட்டுக்கொண்டிருந்தார்.

"ஞாயித்துக்கிழமை வாரா. வண்டிய எடுத்துட்டுப் போக." அவர் கண்ணாடியைக் குழாய்த் தண்ணீரில் காட்டினார். "இதுவும் போயிருச்சுன்னா அவ இங்க வாரதுக்கு ஒரு காரணமும் கிடையாதும்மா. அதுக்குள்ள இந்தக் கீறல எடுத்துக் குடு. நான் எப்படி வச்சிருந்தேன்னு அவ பாக்கட்டும்."

"பாலிஷ் போட்டு மறைக்கலாம். கீறலோட சேத்துப் பெயிண்டையும் கொஞ்சம் தேய்ச்சு எடுத்துரும். வேண்டாம் சார். கழுவுததுக்குச் சொல்லித்தாரேன். இருக்கது போகாது. புதுசு விழாது."

அவர் பேனாவை எடுத்தார். பழக்கம் விடுமா?

"நிழல்ல நிறுத்துங்க. ரெண்டு வாளி. ஒண்ணுல ஷாம்பு தண்ணி, ஒண்ணுல வெறும் தண்ணி. துணிய வெறும் தண்ணில அலசாம மறுபடி ஷாம்புல முக்கக் கூடாது. மேலருந்து கீழ வாங்க. துணி தரையில விழுந்துட்டா அன்னைக்கு அதத் தொடாதீங்க."

வாத்தியார் ஒன்று, இரண்டு என்று எண் போட்டு எழுதிக்கொண்டார்.

"இதெல்லாம் அப்புறம். முதல்ல தண்ணி ஊத்தணும். ஊத்திட்டுக் கை வைக்கக் கூடாது."

"எவ்வளவு நேரம்?"

"அழுக்கு ஊறி, அதுவா இறங்குத வரைக்கும்."

"அதுவரைக்கும் நான் என்ன செய்ய?"

"சும்மா நில்லுங்க."

"அவ்வளவுதானா?"

"செஞ்சு பாருங்க சார். நிக்க முடியுதான்னு."

சனிக்கிழமை காலையில் வேப்பமர நிழலில் காரை நிறுத்தினார். குழாயைத் திறந்துவிட்டு மேலே தண்ணீர் ஊற்றினார். ஓரத்தில் ஒரு திட்டு மண் ஒட்டிக்கொண்டு நின்றது. கை துறுதுறுவென்றது. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

திட்டு மெல்ல இளகியது. பழுப்பாக ஒரு கோடு இறங்கி, தரைக்குப் போனது.

கழுவி முடித்ததும் கார் பளபளத்தது. பழைய கீறல்கள் இன்னும் நன்றாகத் தெரிந்தன.

உள்ளே டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் மகளுடைய ஹேர் கிளிப் ஒன்று கிடந்தது. இரண்டு வருடமாக அங்கேதான் கிடக்கிறது. அவர் அதை எடுக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை. கேட் சத்தம் கேட்டது.

சுபாஷிணி இளைத்திருந்தாள். தோளில் ஒரு பை. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்த தூசி முகமெல்லாம் படிந்திருந்தது. செருப்போடு வாசலிலேயே நின்றாள்.

"சாவி எங்கப்பா?"

அவர் பதில் சொல்வதற்குள் அவள் கண் பானெட்டுக்குப் போனது. வெயில் அங்கே விழுந்திருந்தது.

"ஏன் இவ்வளவு கீறல்?"

வெங்கடாசலம் வாயைத் திறந்தார். இரண்டு வருடத்துக் கேள்விகள் முட்டிக்கொண்டு வந்தன. ஏன் இப்படி இளைச்சிட்ட? அவன் ஒழுங்கா வச்சிருக்கானா? ஒரு போன் பண்ணக்கூடவா நேரமில்ல? அப்பன் செத்தானா இருக்கானான்னு...

அவள் முகத்துத் தூசியைப் பார்த்தார்.

வாயை மூடிக்கொண்டு உள்ளே போனார். ஒரு சொம்பு தண்ணீரோடு வந்தார். அவள் கையில் கொடுத்தார். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

சுபாஷிணி சொம்பைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். அவர் ஏதாவது கேட்பார் என்று காத்திருந்தாள்.

அவர் கேட்கவில்லை.

குடித்தாள். நிறுத்தினாள். மறுபடி குடித்தாள்.

அவர் சும்மா நின்றார். முப்பது வருடத்தில் கரும்பலகையில் போட்ட கணக்கு எதுவும் இவ்வளவு கஷ்டமாக இருந்ததில்லை.

சொம்பு காலியானது. அவள் கண்ணிலிருந்து ஒரு கோடு இறங்கியது. தூசிக்கு நடுவே வழி பண்ணிக்கொண்டு தாடைக்கு வந்தது. துடைக்க அவர் கை துடித்தது. பின்னாலேயே பிடித்துக்கொண்டார்.

"இன்னும் கொஞ்சம் தண்ணி தாங்கப்பா" என்றாள், செருப்பைக் கழற்றிக்கொண்டே.